கன்னித்தோப்புத் தெருவின் இருமல்கள்

போலகம் கன்னித்தோப்புத் தெருவில் இப்போது நூற்று எண்பத்திரண்டு பால்பவுடர் டப்பாக்கள் இருமிக்கொண்டிருக்கின்றன. மனிதர்கள் யாரும் இருமுவதில்லை. காலையில் மினி பஸ் திரும்பும்போது ஒருமுறையும், மில்லில் ஷிப்ட் மாறும்போது ஒருமுறையும் டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து இருமும். மற்ற நேரங்களில் அவற்றின் சௌகரியப்படி. பெண் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள்தான் என்ன சத்தம் என்று கேட்பார்கள். “அது பழைய சாராயக்கடைங்க, நீங்க காபி எடுத்துக்குங்க” என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். வந்தவர்கள் சாராயக்கடை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். இதுவரை இதனால் எந்தச் சம்பந்தமும் தட்டிப்போனதில்லை.

தெருவின் மேற்குக் கோடியில் மங்களாம்பிகா மாடர்ன் ரைஸ் மில் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நெல்லை அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு உமி வேண்டும். உமி எரிந்து மிஞ்சும் சாம்பலுக்குப் போக்கிடம் வேண்டும், அது இந்தத் தெருவாக அமைந்தது. மேல்காற்று வீசும் மாதங்களில் கறுப்புப் பொடி, மாவு சலித்ததுபோல் இறங்கும். மூடிவைக்காத வீட்டில் இட்லி மிளகு தூவியதாகவே வரும். வெள்ளை வேட்டிக்காரர்கள் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டார்கள். கல்யாண வீட்டு வாசல் கோலத்தை முகூர்த்தம் முடிவதற்குள் இரண்டு தடவை திருத்த வேண்டியிருந்தது. எல்லோரும் இருமினார்கள். அதற்காக மில்லைப் பார்த்து யாரும் வாய் திறந்ததாகச் சொல்ல முடியாது. நெல்லை வாங்குவது அந்த மில், வீட்டுக்கு ஒருவர் வேலை பார்ப்பது அந்த மில், முதலாளி ஹரிஹரனோ காதுகுத்துக்குக் கூப்பிட்டால்கூட முதல் பந்திக்கு முன்னால் வந்து நிற்கிற மனிதர். மனு எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து எல்லோருக்கும் வயலில் வேலை வந்துவிடும்.

அந்த பாய்லருக்கு முதல் உமியை அள்ளிப் போட்டவர் சிவசுப்பிரமணியன். பத்தொன்பது வருஷம் அதன் முன்னாலேயே நின்று, தெருவிலேயே நீளமான இருமலுக்குச் சொந்தக்காரர் ஆனார். அவர் இருமத் தொடங்கினால், பால்காரர் மூன்று வீட்டுக்கு ஊற்றி முடிக்கும்வரை போகும். அவருக்கு ஒரே மகள் விஷ்ணுப்ரியா. புதுச்சேரியில் ஓவியமும் சிற்பமும் படித்துவிட்டு, பெங்களூரில் மால்களுக்குத் தரை செய்துகொடுக்கும் கம்பெனியில் இருந்தாள். சாதாரணத் தரை இல்லை. மிதித்தால் மீன்கள் விலகி ஓடும் தரை. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று வந்தவள், அப்பாவின் இருமலைப் பக்கத்து அறையிலிருந்து முதல்முறையாக முழுசாகக் கேட்டாள். வேலையை விட்டாள். நிச்சயமாகியிருந்த கல்யாணமும் அதோடு போயிற்று என்கிறார்கள். இல்லை, கல்யாணம்தான் முதலில் போயிற்று, வேலை பின்னால் போயிற்று என்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பிலும் சாட்சி இருக்கிறது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஐப்பசியில், மில்லுக்கு இரண்டாவது பாய்லர் வைக்க ஹரிஹரன் அனுமதி கேட்டிருக்கும் செய்தி வந்தது. தெருவில் ஆட்சேபணை உண்டா என்று விசாரிக்கப் பங்குனியில் ஓர் அதிகாரி நேரில் வருவாராம். விஷ்ணுப்ரியா அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பாய்லரிலேயே அப்பா இந்த நிலைக்கு வந்துவிட்டார். இரண்டு வந்தால் தாங்க மாட்டார் என்பது அவளுடைய கணக்கு. மனுவில் எழுதினால் இருமல் வெறும் வார்த்தை, காதில் விழுந்தால்தான் அது இருமல் என்று நினைத்தாள். ஆகவே தெருவில் ஒவ்வொருவருடைய இருமலையும், அது எப்போது தொடங்கியது என்ற ஞாபகத்தையும் பதிவு செய்து, ஆளுக்கொரு டப்பாவில் ஸ்பீக்கரோடு அடைத்துவைப்பது என்பது திட்டம். டப்பாவின் முகத்தில் ஆள் வருவதைக் கண்டுபிடிக்கும் சின்ன சென்சார். கிட்டே வந்தால் டப்பா இருமும். நகராமல் நின்றால் பேசும். அதிகாரி நடுவே நடந்து போவார். முடிவில் அந்தந்த டப்பாவின் ஆள் பக்கத்தில் வந்து நின்று, ‘இது என்னுது’ என்று சொல்ல வேண்டும். அதுதான் கலை. அதற்குப் பிறகு எந்த மனிதனாலும் பாய்லருக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று நம்பினாள். பெங்களூரில் இருந்தவள் அல்லவா.

இடத்துக்கு மூடிக்கிடந்த சாராயக்கடை கிடைத்தது. பாட்டில் அடுக்கிய பலகைகள் அப்படியே இருந்தன. டப்பாக்கள் அதே தெருவில் இருக்கும் ஜஸீலா வீட்டிலிருந்து வந்தன. கணவரும் இரண்டு மகன்களும் குவைத்தில் இருப்பதால், ஜஸீலா வீட்டுப் பரணில் பதினைந்து வருஷத்துப் பால்பவுடர் டப்பாக்கள் குவிந்திருந்தன.

“டப்பாவுல கொழுகொழுன்னு புள்ள படம் போட்டிக்கிது. அது இருமுனா நல்லாவா இக்கும்?” என்று ஜஸீலா கேட்டாள்.

“அதான் நல்லாருக்கும் மாமி.”

“என்ன கலையோ. எங்க வூட்டுக் கொத்தமல்லித் தூள் வாசம் போகாது, சொல்லிட்டேன்.”

முதல் பதிவுக்கு அப்பாவைக் கூப்பிட்டாள். சிவசுப்பிரமணியன் மறுத்தார். “முதலாளிக்கு எதிரால்லாம் நான் இரும மாட்டேன்” என்றார். அவர் மனைவி அன்னபூரணி அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தாள். “முதலாளி முன்னால அடக்கி வெச்சு, அதையும் சேத்து வீட்டுக்கு வந்துதானே இருமுறீங்க. ஒரு நாள் பெத்த புள்ளைக்காக இருமிட்டுப் போங்களேன்.” மைக் முன்னால் உட்கார்ந்தார். பதினோரு நிமிஷம் இருமினார். பிறகு ஞாபகத்தைக் கேட்டதற்கு, “உமியை முதல்ல அள்ளிப் போட்டவன் நான்தான். அன்னைக்கு சாயங்காலம் பாப்பா வெள்ளை யூனிபாரத்துல பள்ளிக்கூடம் விட்டு வந்தா. தோள்ல கறுப்பா இருந்துச்சு. தட்டிவிட்டேன். அப்ப ஒண்ணும் தோணல” என்றார். விஷ்ணுப்ரியா ஹெட்போனைக் கழற்றாமல் வெகுநேரம் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்திருந்தாள்.

மறுநாள் காலையில் பால்காரர் மூன்று வீட்டுக்கு ஊற்றிவிட்டார், இருமல் வரவில்லை. ஆள் போய்விட்டார் என்று நினைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவரிடம், சிவசுப்பிரமணியன் பல் விளக்கிக்கொண்டே என்ன என்று கேட்டார். அன்று இருமவில்லை, அடுத்த நாளும் இருமவில்லை. சாராயக்கடையில் ஆள் யாரும் கிட்டே வராதபோதே டப்பா பதினோரு நிமிஷம் இருமி முடித்தது. தன் கஷாயம் வேலை செய்கிறது என்று அன்னபூரணி சொல்லிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் பதிவு செய்து அவருக்கும் நின்றபோது கஷாயத்தின் பெருமை போயிற்று. அதற்குப் பிறகு வரிசைதான். விஷ்ணுப்ரியா வீடுவீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும் என்று நினைத்திருந்த தெரு, விடியுமுன்னே சாராயக்கடை வாசலில் வந்து நின்றது. வாழ்நாளில் அந்தக் கடைப்பக்கம் முகம் திருப்பாத பெண்களும், முன்பு அந்த வாசலிலேயே குடியிருந்த ஆண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் மனைவி, இன்றும் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்கும் திரிபுரசுந்தரியம்மாள், வரிசையில் நிற்க மாட்டேன் என்று நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். அவருடைய டப்பா மட்டும் இருமி முடித்ததும் ‘பர்தோன்’ என்று மன்னிப்புக் கேட்கும். மற்ற டப்பாக்களுக்கு அந்த நாகரிகம் இல்லை.

எது பலித்தாலும் அதற்கு ஒரு முறை ஏற்பட்டுவிடும் அல்லவா. தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை கூடாது என்று ஒருவர். மிளகாயும் உப்பும் சுற்றி முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோமே, அதேபோல் இருமலை விட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, அந்தச் சத்தத்தைக் கிட்டே நின்று கேட்கக் கூடாது, கேட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது முடிவானது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வீட்டைக் கை காட்டுவார்கள். தர்காவில் விட்டுவந்த கயிற்றையும் அப்படித் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஜஸீலா சொன்னதும், அதற்கு இரண்டு பக்கத்து ஆதரவும் கிடைத்துவிட்டது. விஷ்ணுப்ரியா எல்லோரிடமும் சொன்னாள்: பங்குனியில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ளே வந்து உங்கள் டப்பா பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தத் தெருவில் தலையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்பதை அவள் பெங்களூரில் மறந்திருந்தாள்.

பங்குனி வந்தது, அதிகாரியும் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான, நல்ல மனிதர்; ஜீப்பிலிருந்து இறங்கியதுமே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, கறுப்பாக வந்ததைப் பார்த்துக்கொண்டார். பத்து மணிக்குத் தெரு முழுவதும் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்திருந்தது. வந்து, சாராயக்கடைக்கு எதிரே பூவரசு மரத்தடியில் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. விஷ்ணுப்ரியா ஒவ்வொரு முதுகாகப் போய்க் கெஞ்சினாள்.

“உள்ள வந்து ரெண்டு நிமிஷம் நின்னா போதும் மாமா.”

“நின்னா போதும்தான். போனது திரும்பி ஒட்டிக்கிட்டா உன் தொண்டையில வாங்கிப்பியா?”

“இன்னைக்கு விட்டா ரெண்டாவது பாய்லர் வந்துடும்.”

“வரட்டுமேம்மா. அதான் டப்பா இருக்கே.”

அந்த வரிசையில் அப்பாவும் இருந்தார். அவர் முதுகை அவள் தொட்டபோது, திரும்பாமலே, “மொதலாளி ஆள் ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கிறான் பாப்பா” என்றார்.

அதிகாரி தனியாகத்தான் உள்ளே நடந்தார். டப்பாக்கள் குறை வைக்கவில்லை. இடமும் வலமும் இருமி, நின்ற இடத்தில் பேசி, தோள்பட்டைக் கறுப்பையும் கோலத்தையும் கொடியில் உலர்த்திய பிள்ளைத்துணியையும் பற்றிச் சொல்லின. சிவசுப்பிரமணியனின் டப்பா முன்னால் பதினோரு நிமிஷமும் நின்று கேட்டார். ‘பர்தோன்’ கேட்டபோது அவரையறியாமல், பரவாயில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இவங்கள்ளாம் எங்கம்மா?” என்று கேட்டார். விஷ்ணுப்ரியா எதிரே இருந்த முதுகுகளைக் காட்டினாள். அவர் சாலையைக் கடந்து போய், யாருக்கெல்லாம் இருமல் என்று கேட்டார். எல்லோரும் பூவரசு மரத்தைப் பார்த்தார்கள். மூச்சை இழுத்துவிடச் சொன்னார். நூற்றுச் சொச்சம் மார்புகள் கோயில் மணியடித்து ஓய்ந்ததுபோல் சத்தமில்லாமல் ஏறி இறங்கின. ஹரிஹரன் அனுப்பிய மோரை எல்லோரும் குடித்தார்கள். மோரில் மேலாக மிதந்ததை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்கள். ஒருவருக்கும் புரையேறவில்லை. அதிகாரி மத்தியானம்வரை காத்திருந்தார். “ஒரு ஆளாவது இருமினா எழுதிக்குவேன்” என்று கடைசியில் அவரே கெஞ்சும் நிலைக்கு வந்தார். விஷ்ணுப்ரியா இருமினாள். அது நன்றாக இல்லை. “நீங்க வெளியூர்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, இருமல் காணப்படவில்லை, ஆட்சேபணை ஒருவர் என்று எழுதி முடித்தார். காதால் கேட்ட நூற்றுச் சொச்சம் இருமல்களுக்கு அவருடைய தாளில் கட்டம் இல்லை.

ஆவணியில் இரண்டாவது பாய்லர் எரிந்தது. ஹரிஹரன் பெருந்தன்மையானவர், சாராயக்கடைக்குப் புதுக்கூரை போட்டு, கூடுதல் பலகைகளும் அடித்துக் கொடுத்து, நம்ம ஊர்ப் பெண் நம்ம ஊருக்குச் செய்த சேவை என்று ரிப்பன் வெட்டினார். கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கதர்ச்சட்டை போட்ட கலைஞர்கள் வந்து படம் எடுத்தார்கள். பார்வையாளர் பங்கேற்கும் படைப்பில் இது ஒரு திருப்புமுனை என்றார் ஒருவர். பங்கேற்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று விஷ்ணுப்ரியா சொன்னதை அவர் குறித்துக்கொண்டார். பத்து டப்பாக்களைக் கண்காட்சிக்கு எடுத்துப் போனார்கள். போலகம் எல்லையைத் தாண்டியதும் அவை வாயடைத்துப்போயின, திருப்பி அனுப்பினார்கள். வந்ததும் விட்ட நாட்களுக்கும் சேர்த்து இருமின.

கார்த்திகையில் சிவசுப்பிரமணியனுக்குப் படியேற முடியவில்லை. காரைக்காலுக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். ஒரு வருஷமாக இல்லை என்றாள் அன்னபூரணி, சற்றுப் பெருமையாகவே. டாக்டர் நம்பவில்லை. “உள்ள அடுப்பு மாதிரி இருக்கும்மா. இருமினாத்தான் கொஞ்சமாவது வெளிய வரும். இவருக்கு இருமவே வரலையே” என்றார். இருமச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். சிவசுப்பிரமணியன் வாயைத் திறந்து, தோளைக் குலுக்கி, டாக்டர் செய்வதுபோலவே செய்தார். காற்று மட்டும் வந்தது. அப்போதுதான் விஷ்ணுப்ரியாவுக்கு விளங்கியது: தெரு டப்பாவில் விட்டது இருமலை மட்டும். சாம்பலை யாரும் எங்கேயும் விடவில்லை.

அதன்பிறகு அப்பாவின் இருமலை அவருக்கே திருப்பிக் கொடுப்பது ஒன்றுதான் அவளுக்கு வேலை. டப்பாவைத் திறந்து பதிவை அழித்தாள், டப்பா இருமியது. பேட்டரியைப் பிடுங்கினாள், இருமியது. ஸ்பீக்கரையும் சென்சாரையும் எடுத்துவிட்டு வெறும் தகரமாக வைத்தாள். இன்னும் கணீரென்று இருமியது. கிட்டே நின்று கேட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தெருவே பயந்ததே, அதையே நம்பி அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தாள். செய்தி தெரிந்து தெருக்காரர்கள் வழிமறித்தார்கள். ஒருவருக்குத் திரும்பினால் எல்லோருக்கும் திரும்பும் என்றார்கள். அன்னபூரணி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, “யாரு குறுக்க நிக்கிறது, பேரைச் சொல்லுங்க, அவங்க டப்பா என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியும், தெருவுல சொல்லட்டா?” என்றாள். வழி கிடைத்தது.

சிவசுப்பிரமணியன் நாற்காலியில் உட்கார்ந்து தன் டப்பாவை முழுசாகக் கேட்டார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். மூடியைத் திறந்து, வாயை வைத்து மூச்சிழுத்தும் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அப்படி ஒட்டுவதாக இருந்ததே இல்லை. பங்குனியில் தெரு முழுவதும் உள்ளே வந்து நின்றிருந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. இதை வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்கு ஏதோ வேலையாகப் போனார்கள்.

“என்னைவிட நல்லா இருமுது பாப்பா” என்றார் சிவசுப்பிரமணியன்.

“இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்கப்பா.”

“விடு. அது உழைச்ச இருமல். அங்கயே இருந்துட்டுப் போவட்டும்.”

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால், சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தவர் எழுந்தபடியே போனார். சத்தம் இல்லை. அடுத்த ஒன்றரை வருஷத்தில் தெருவில் பதினான்கு பேர் அப்படியே போனார்கள். எல்லோருக்கும் நல்ல சாவு என்றுதான் பேச்சு. எடுத்துப் போகும்போது மில் விசில் ஊதி மரியாதை செய்தார்கள். ஆள் போனாலும் டப்பா நிற்பதில்லை. அன்னபூரணி தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுபோய்க் கணவரின் டப்பா முன்னால் வைப்பாள். காலையில் எடுக்கும்போது கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். மிச்சத்தை வாசல் செடிக்கு ஊற்றுவாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் வைக்கத் தொடங்கின. திரிபுரசுந்தரியம்மாள் காலமான பிறகு அவருக்கு மட்டும் காபி.

விஷ்ணுப்ரியா பெங்களூருக்குத் திரும்புவாள் என்று எதிர்பார்த்தார்கள். போகவில்லை. மாதம் ஒரு மனு எழுதினாள். ஆட்சேபணை ஒருவர் என்று பதில் வரும். புதிதாக யாருடைய இருமலையும் எடுப்பதில்லை என்று பதிவுக் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய பத்தாம் மாதம், போன ஐப்பசியில், ஒரு மழை நாளில் ஜஸீலா தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயது மஹ்பூபா. தெருவிலேயே அப்போது இருமிக்கொண்டிருந்த ஒரே ஆள் அதுதான். ஒரு பாய்லர் சாம்பலில் பிறந்து, இரண்டு பாய்லர் சாம்பலில் வளர்ந்த குழந்தை. இருமல் உடம்பைவிடப் பெரியதாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் சின்னக் கால்கள் இரண்டும் பாட்டியின் இடுப்பிலிருந்து தூக்கிப் போட்டன.

“மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல விஷ்ணு. தின்னதெல்லாம் வெளிய வந்துடுது. எடுத்து வுட்டுரு.”

“மாமி, இருமல் போனா தூசி உள்ளயே தங்கிடும். எங்கப்பாவைப் பாத்தீங்கள்ல.”

“பாத்தேன். அவரைக் குளிப்பாட்ட நான்தானே வெந்நீ காய்ச்சி அனுப்புனேன், மறந்துட்டேனா.”

“இவளை எங்கயாவது வெளியூருக்கு அனுப்புங்க.”

“எங்க? குவைத்துல ரூமுக்கு எட்டுப் பேரு படுத்திக்கிறாஹ. இவ உம்மாவுக்கு மில்லுலதான் வேலை. சரி, நீ மில்லை நிறுத்திடுவியா? சொல்லு, புள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுறேன்.”

விஷ்ணுப்ரியா குழந்தையின் முதுகைத் தடவினாள். குழந்தை இருமியது. மூச்சு எடுக்க நேரமில்லாமல் மறுபடி இருமியது. உதடு நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தது.

“அப்ப எடு” என்றாள் ஜஸீலா.

விஷ்ணுப்ரியா பீரோவைத் திறந்தாள். மைக்கைத் துடைத்து, தாழ்த்தி, குழந்தையின் உயரத்துக்கு வைத்தாள். முறைப்படி முதலில் ஞாபகத்தைக் கேட்க வேண்டும். எப்போதிலிருந்து இருமல் என்று கேட்டாள். மூக்கு எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டதுபோல் மஹ்பூபா அவளைப் பார்த்தது. விஷ்ணுப்ரியா பட்டனை அமுக்கினாள். நாலு நிமிஷம் ஆயிற்று. குழந்தை பாட்டியின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, வருஷக்கணக்காகத் தூங்காத பெரியவர்களைப்போல் உடனே தூங்கிப்போனது. ஜஸீலா அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு விஷ்ணுப்ரியாவின் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

பலகையில் இடம் இல்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு விஷ்ணுப்ரியா மேலும் கீழும் தேடினாள். மூன்றாவது பலகையில் சிவசுப்பிரமணியனின் டப்பா தொண்டையைச் செருமிவிட்டு, நாலு விரற்கடை இடப்பக்கமாக நகர்ந்துகொண்டது. அவள் அந்த இடைவெளியில் மஹ்பூபாவின் டப்பாவை வைத்து, அசையாமல் இருக்க ஒரு அட்டையை மடித்துச் செருகி, பெயர் எழுதி ஒட்டினாள்.